செபத்திற்கு ஒரு வேளையும் ஓர் இடமும்



இரண்டு மாதங்களுக்கு முன்பு நமக்கு வந்த கடிதங்களுள் ஒன்று, மூன்று பிள்ளைகளுக்குத் தாயான ஒரு வாசகி எழுதியது. பெயரும் ஊரும் குறிப்பிடாமல் அதைப்பற்றி இங்கே எழுத அவரிடம் அனுமதி பெற்றிருக்கிறோம். அதிகாலை 4.30 மணிக்கு எழுந்தால் இரவு 10.30 மணிக்குத்தான் அவர் தலைசாய்க்கிறார். கணவர், பிள்ளைகள், படுத்த படுக்கையாய்க் கிடக்கும் மாமியார் என்று இத்தனை பேருக்கும் பணிவிடை முடித்துச் செபமாலையைக் கையில் எடுத்தால், இரண்டாம் தேவ இரகசியத்திலேயே கண் மூடிக்கொள்கிறதாம். இது பாவமா, பாவசங்கீர்த்தனத்தில் சொல்லவேண்டுமா என்று கேட்டிருந்தார். அடியில் இன்னொரு கேள்வியும் இருந்தது. கடவுள்தான் எங்கும் இருக்கிறாரே, வேலை செய்துகொண்டே செபித்தால் போதாதா என்று பக்கத்து வீட்டு அம்மாள் சொல்கிறாராம், அது சரியா?

முதல் கேள்விக்கு விடை எளிது. நாள் முழுவதும் பிறருக்காக உழைத்த உடல் செபமாலையோடு உறங்கிப்போவது பாவமன்று. புனித குழந்தை தெரேசம்மாளே தியான வேளையில் தமக்கு உறக்கம் வந்துவிடுவதை ஒளிக்காமல் எழுதி வைத்திருக்கிறார். தூங்கும் குழந்தையும் பெற்றோருக்குப் பிரியமானதே என்று எண்ணித் தம்மைத் தேற்றிக்கொண்டவர் அவர். ஆகவே அந்தத் தாய் இதைப் பாவசங்கீர்த்தனத் தொட்டிவரை சுமந்துகொண்டு வரவேண்டியதில்லை.

இரண்டாம் கேள்விக்கும் 'போதும் அம்மா' என்று ஒரே வரியில் பதில் எழுதிவிடலாமென்றுதான் முதலில் எண்ணினோம். பேனா ஓடவில்லை. எங்கும் செபிக்கலாம், எப்போதும் செபிக்கலாம் என்ற பேச்சை வீடு சந்திக்கச் செல்லும்போதெல்லாம் நாம் கேட்டு வருகிறோம். அதைச் சொல்பவர்களுள் பலர் எங்கும் செபிப்பதில்லை, எப்போதும் செபிப்பதில்லை. எந்நேரமும் சாப்பிடலாம் என்பதற்காகச் சாப்பாட்டு வேளையை யாரும் எடுத்துவிட்டதாகத் தெரியவில்லை.

கடவுள் எங்கும் இருக்கிறார் என்பது சத்தியம். சின்னக் குறிப்பிடத்திலேயே படித்தோம். இடைவிடாது செபிக்குமாறு தெசலோனிக்கருக்குப் புனித சின்னப்பர் எழுதியதும் உண்மையே. அவர் பிலிப்பி நகரில் நடந்துகொண்ட விதத்தைச் சற்றுக் கவனியுங்கள். அங்கே சிறையில் அடைபட்டு, கால்கள் தொழுமரத்தில் மாட்டப்பட்டிருந்த நிலையில், நள்ளிரவில் சீலாவோடு சேர்ந்து செபித்துப் பாடினார். எங்கும் செபிக்கலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. ஆனால் அப்போஸ்தலர் பணி நூலில் அதே 16-ஆம் அதிகாரத்தைச் சற்று முன்னிருந்து வாசித்தால், ஓய்வுநாளன்று அவர் நகரவாயிலுக்கு வெளியே ஆற்றங்கரைக்குப் போவதைக் காண்கிறோம். அங்கே செபத்திற்கென்று ஓர் இடம் இருக்கும் என்று தேடிப் போகிறார். லீதியா என்னும் வியாபாரப் பெண்மணியைச் சந்தித்தது அங்கேதான். குறிசொல்லும் அடிமைப்பெண் எதிர்ப்பட்டதும் அந்தச் செப இடத்திற்குப் போகும் வழியில்தான். அதன் விளைவாகத்தான் சிறையே வந்தது. ஓய்வுநாளில் ஆற்றங்கரையைத் தேடிப்போன மனிதருக்குத்தான் நள்ளிரவில் சிறையிலும் செபம் வாயில் வந்தது என்று நாம் கருதுகிறோம். 1992-இல் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் வெளியிட்ட கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலின் கருத்தும் இதுவே. குறித்த சில வேளைகளைச் செபத்திற்கென ஒதுக்காதவர் எவ்வேளையும் செபிப்பவராக ஆகமுடியாது.

ஆதித் திருச்சபை வேளைகளை மதித்தது. இராயப்பரும் அருளப்பரும் பிற்பகல் 3 மணிச் செபவேளையில் கோவிலுக்குப் போனார்கள். 'பன்னிரு அப்போஸ்தலரின் போதனை' என்ற மிகப் பழைய நூல், பரலோக மந்திரத்தை நாள்தோறும் மும்முறை சொல்லப் பணிக்கிறது. இவற்றுள் நம் மனத்திற்கு மிகவும் நெருக்கமானது யோப்பா நகரில் இராயப்பர் செபித்த கதை. தோல் பதனிடும் சீமோன் என்பவருடைய வீட்டில் அவர் தங்கியிருந்தார். வீடு கடலோரம், தோல் பதனிடும் இடத்தின் நாற்றம் எப்படியிருக்கும் என்பதை அத்தகைய ஊர்க்காரர்கள் அறிவார்கள். நண்பகல் வேளை, பசியோ கடுமை, கீழே உணவு தயாராகிக்கொண்டிருக்கிறது. அந்த இடைவேளையில் அவர் மாடிக்குப் போய்ச் செபித்தார். புறவினத்தாருக்குத் திருச்சபையின் வாயிலைத் திறந்துவிட்ட காட்சி அங்கேதான் அவருக்குக் கிடைத்தது. சோறு வேகும் வரையில் நம் ஆண்மக்கள் என்ன செய்கிறார்கள்? பெரும்பாலும், இன்னும் ஆகவில்லையா என்று குரல் கொடுக்கிறார்கள்.

நம் ஆண்டவருக்கும் நேரம் தாராளமாகக் கிடைத்துவிடவில்லை. கப்பர்நாகூமில் ஒரு மாலைப்பொழுது முழுவதும் நோயாளிகள் அவரைச் சூழ்ந்திருந்தார்கள். ஊரே வாசலில் கூடிவிட்டது என்கிறார் புனித மாற்கு. மறுநாள் இருட்டோடே எழுந்து, தனிமையான ஓர் இடத்திற்குச் சென்று அவர் செபித்தார். அப்போதும் சீமோனும் கூட்டாளிகளும் தேடிப் பிடித்துவிட்டார்கள், எல்லாரும் உம்மைத் தேடுகிறார்கள் என்று. அவர் எழுந்து அடுத்த ஊர்களுக்குப் புறப்பட்டார். இதில் இரண்டு காரியங்கள் இருக்கின்றன. செபத்திற்கான வேளையை அவர் யாரும் கேட்காத நேரத்திலிருந்து எடுத்தார். அந்த வேளை குலைந்தபோது முகம் சுளிக்கவில்லை.

காலையில்தான் செபிக்கவேண்டும் என்று சட்டம் போட இயலாது. கடற்கரைப் பங்கொன்றில் நாம் பணியாற்றிய காலத்தில், காலை 6 மணிக் குடும்பச் செபத்தைப்பற்றி மூன்று ஞாயிறுகள் உருக்கமாகப் பிரசங்கம் செய்தோம். மூன்றாம் ஞாயிறு ஒரு பெரியவர் மேலறைக்கு வந்து, "சாமி, நீங்க எந்திரிக்கிற நேரம் நாங்க கடல்ல வல இழுக்கிற நேரம்" என்றார். அவர்களுக்கென்று ஒரு வேளை ஏற்கெனவே இருந்தது, நமக்குத்தான் தெரியவில்லை. பின்னிரவில் படகைத் தள்ளுமுன் தலைத்துண்டை அவிழ்த்து, கடல்நீரைத் தொட்டுச் சிலுவை அடையாளம் வரைந்து, ஒரு பரலோக மந்திரமும் ஓர் அருள்நிறை மந்திரமும் சொல்வார்கள். படகு தள்ளும் நேரம் தவறுவதில்லையாதலால் செபமும் தவறுவதில்லை. ஆறாம் நூற்றாண்டில் புனித ஆசீர்வாதப்பர் தம் துறவிகளுக்கு எழுதிய சட்டநூலிலும், தொலைவில் வேலை செய்பவர்கள் செபவேளை வந்ததும் வேலைசெய்யும் இடத்திலேயே முழங்காலிட்டுச் செபிக்க இடம் கொடுத்திருக்கிறார்.

ஆகவே வேளையைத் தேடும்போது கடிகாரத்தை நோக்காமல், வீட்டில் என்றும் தவறாமல் நடக்கும் ஒரு காரியத்தை நோக்குங்கள். பால் காய்ச்சுவது, பள்ளி வண்டி புறப்படுவது, மாலையில் விளக்குப் போடுவது, பாய் விரிப்பது ஆகியவற்றுள் ஒன்றோடு செபத்தை முடிந்து வையுங்கள். முன்னாளில் மூவேளைச் செபத்தின் மணி இந்தத் தொண்டைத்தான் செய்தது. மணியோசை கேட்டதும் வயலில் நாற்று நட்டவர்கள் நிமிர்ந்து நின்றதைச் சிறுவயதில் கண்டிருக்கிறோம். இப்போது ஒலிபெருக்கியில் பதிவுசெய்த மணி அடிக்கிறது; நிமிர்வார் இல்லை.

இன்னொன்று. வேளை சிறியதாக இருக்கட்டும். தபசு காலத் தியானம் முடிந்த வாரத்தில் ஒரு மணி நேரம் செபித்து, பாஸ்காவுக்குள் ஐந்து நிமிடமும் இல்லாமற்போன வீடுகளை நாம் அறிவோம். குடும்பச் செபமாலைக்குப் பின் சேர்த்துக்கொள்ளும் மன்றாட்டுகள் வளர்ந்து வளர்ந்து செபமாலையைவிட நீண்டுவிட்ட வீடுகளும் உண்டு. தாத்தா தமக்குத் தெரிந்த அத்தனை புனிதர்களையும் அழைத்து முடிப்பதற்குள் பேரப்பிள்ளைகள் சுவரோடு சாய்ந்து தூங்கிவிடுகிறார்கள். பிள்ளைகள் பெரியவர்களானதும் செபமாலை என்றாலே அவர்களுக்குக் கால் வலிதான் நினைவுக்கு வரும். சுருக்குங்கள், புனிதர்கள் கோபிக்கமாட்டார்கள்.

இனி இடம். செபிக்கும்போது உள்ளறைக்குப் போய்க் கதவை அடைத்துக்கொள்ளும்படி ஆண்டவர் சொன்னார். இதைக் கேட்டதும், ஒண்டுக் குடித்தனத்தில் ஆறுபேர் வாழும் நமக்கு ஏது உள்ளறை என்று சிலர் பெருமூச்சு விடுகிறார்கள். கலிலேயாவிலும் ஏழைகளின் வீடு பெரும்பாலும் ஓர் அறைதான். கிரேக்க மூலத்திலுள்ள சொல் பண்டசாலை அறையையும் குறிப்பது. தானியமும் எண்ணெயும் வைக்கும் சிறு அறை. மூட்டைக்கும் பானைக்கும் நடுவே ஒருவர் முழங்காலிட இடமிருந்தால் போதும் என்றுதான் ஆண்டவர் நினைத்திருக்கவேண்டும்.

நம் வீடுகளில் பீடம் உண்டு, திரு இருதய ஆண்டவர் படமும் சிவப்பு விளக்கும் உண்டு. பல வீடுகளில் அப்படத்திற்கு நேர் கீழே தொலைக்காட்சிப் பெட்டியை வைத்துவிடுகிறார்கள். குடும்பம் முழங்காலிட்டால் இரண்டையும் நோக்கித்தான் முழங்காலிட வேண்டும். எது முதலில் கண்ணில் படும் என்று நாம் சொல்லவேண்டியதில்லை. பெட்டியை அடுத்த சுவருக்கு மாற்றச் செலவு ஒன்றும் இல்லை. செபிப்பவர் கைபேசியை அடுப்பங்கரையில் வைத்துவிட்டு வருவதும் நலம்.

ஆயினும் நமக்குக் கடிதம் எழுதிய தாயின் சங்கடம் சுவரைப் பற்றியது அன்று. வீட்டுக்குள் எங்கே அமர்ந்தாலும் அவரை யாராவது கூப்பிட்டுவிடுவார்கள். புனித பிரான்சிஸ் சலேசியார் இதைக் கண்டறிந்தவர். 1609-இல் வெளியான அவருடைய 'பக்தி வாழ்வுக்கு அறிமுகம்' என்னும் நூல், மணமான ஒரு பெண்மணிக்கு அவர் எழுதிய ஆலோசனைக் கடிதங்களிலிருந்து வளர்ந்தது. முடியுமானால் ஆலயத்திலேயே தியானம் செய் என்று அதில் அவர் கூறுகிறார். அதற்கு அவர் காட்டும் காரணம் நம்மை வியப்பில் ஆழ்த்துகிறது. ஆலயத்தில் ஒரு மணி நேரம் இருப்பதைத் தந்தையோ தாயோ கணவனோ அவ்வளவு எளிதாகத் தடுக்கமாட்டார்கள். பிறருக்குக் கட்டுப்பட்டு வாழும் வீட்டிலோ அப்படியொரு நேரம் உனக்குக் கிடைக்கும் என்ற உறுதியில்லை என்கிறார். காலையில் தவறிவிட்டால் உணவுக்குப் பின் நெடுநேரம் கழித்தே தியானம் செய், உண்டவுடன் அமர்ந்தால் தூக்கம் வரும் என்றும் எழுதுகிறார். ஆயராக இருந்தும் வீட்டுப் பெண்களின் பாட்டை அறிந்திருந்தார்.

இதை வாசித்தபோது நமக்கு வெட்கம் உண்டாயிற்று. காரணத்தைச் சொல்லிவிடுகிறோம். ஆலயத்தில் ஒருமுறை உண்டியல் உடைக்கப்பட்டது. அன்றிலிருந்து காலைத் திருப்பலி முடிந்ததும் கதவுகளைப் பூட்டிச் சாவியை நாமே வைத்துக்கொண்டோம். சில மாதங்கள் சென்றபின், வேலை முடிந்து வீடு திரும்பும் ஒரு பெண் நாள்தோறும் மாலையில் ஆலயத்தின் பக்கவாட்டுப் படிக்கட்டில் சற்று நேரம் அமர்ந்திருந்து போவதைக் கண்டோம். யாருக்காகவோ காத்திருக்கிறார் என்றே நினைத்தோம். ஒருநாள் விசாரித்தபோது எழுந்து நின்று, "கதவு சாத்தியிருந்தா என்ன சாமி, ஆண்டவர் உள்ளதான இருக்காரு. இங்கேருந்தே பேசிட்டுப் போறேன்" என்றார். குறையாக அவர் சொல்லவில்லை. ஆனால் மேலறைக்குத் திரும்பியபின் சாவி நம் பையில் கனத்தது. ஆலயம் செபிக்கும் இடமாகவே இருக்கட்டும், தனியே செபிக்க விரும்புகிறவர் தாராளமாக உள்ளே போய்ச் செபிக்கட்டும் என்று புனித ஆசீர்வாதப்பரின் சட்டநூலில் வருவதைக் குருமடத்திலேயே படித்திருந்தோம். படித்து என்ன பயன்?

இப்போது மாலை 5 மணி முதல் 7 மணி வரை பக்கக் கதவு திறந்திருக்கிறது. புனித வின்சென்ட் தே பவுல் சபையைச் சேர்ந்த முதியவர்கள் முறைபோட்டுக்கொண்டு கடைசிப் பெஞ்சில் அமர்ந்து காவல் இருக்கிறார்கள். மின்சாரச் செலவு என்று பங்குப் பேரவையில் ஒருவர் குறைப்பட்டுக்கொண்டார். அந்தச் செலவுக்கு நாம் பொறுப்பு என்றோம். எத்தனை பேர் வருகிறார்கள் என்று எண்ணுவதில்லை. சில மாலைகளில் ஒருவர்தான் வருகிறார்.

ஆலயத்திற்கு வர இயலாதவர்கள் உண்டு. சியென்னா நகர்ப் புனித கத்தரீனம்மாள் திருமணத்திற்கு இசையவில்லை என்பதற்காக, அவருடைய வீட்டார் அவருடைய தனியறையைப் பறித்துக்கொண்டு சமையல் வேலையில் ஏவினார்கள். யாராலும் பறிக்க முடியாத ஓர் அறையை அவர் உள்ளத்திலேயே கட்டிக்கொண்டார். உரோமை நகர்ப் புனித பிரான்செஸ்கா குடும்பப் பெண். தேவமாதாவின் கட்டளைச் செபத்தைச் சொல்லிக்கொண்டிருந்தபோது ஒரே வாக்கியத்தில் நான்கு முறை அவரை வீட்டுக் காரியமாக அழைத்தார்களாம். நான்கு முறையும் முணுமுணுக்காமல் எழுந்து போனார். ஐந்தாம் முறை திரும்பிவந்தபோது அந்த வாக்கியம் பொன்னெழுத்துகளாய் மாறியிருந்தது என்பது பரம்பரைக் கதை.

இந்தக் கதையைப் பிரசங்கத்தில் சொல்லாத குருக்கள் குறைவு. கேட்கும் கணவன்மார் தலையை ஆட்டி மகிழ்வார்கள். நாமும் சொல்லியிருக்கிறோம். ஆனால் இப்போது அதை வேறு பக்கத்திலிருந்தும் பார்க்கத் தோன்றுகிறது. பிரான்செஸ்கா எழுந்து போனது புண்ணியம், சரி. நான்கு முறை கூப்பிட்டவர்களைப் பற்றி என்ன சொல்வது?

கடிதம் எழுதிய தாய் ஒரு விவரத்தைப் பெருமையோடு குறிப்பிட்டிருந்தார். அவருடைய கணவர் நாள்தோறும் காலைத் திருப்பலி காண்பவராம். அவர் 5.30 மணிக்குப் புறப்பட்டு 7 மணிக்குத் திரும்புகிறார். அவருக்காகச் சூடான காப்பி காத்திருக்கிறது. அந்த ஒன்றரை மணி நேரத்தில் இவர் தண்ணீர் பிடித்து, சமைத்து, மாமியாரைக் குளிப்பாட்டி, மூன்று பிள்ளைகளையும் எழுப்பி முடிக்கிறார். இத்தகைய கணவர்களை ஆண்டு விழாக்களில் நாமே மேடையேற்றிச் சால்வை போர்த்தியிருக்கிறோம். அவர்களுடைய பக்தி பொய் என்று சொல்லவரவில்லை. ஆனால் அந்த வீட்டில் செபிக்க நேரம் இருக்கிறது. ஒருவரிடமே முழுவதும் இருக்கிறது.

அந்தத் தாய்க்கு நாம் எழுதிய பதில் இதுதான். வேலையோடு செபிப்பதை விடவேண்டாம். அரிசி களையும்போதும் பிள்ளைக்குத் தலை வாரும்போதும் ஒரு மனவல்லயச் செபம் சொல்லுங்கள். அதற்கு மேல் நாளுக்கு 15 நிமிடமும் வாரத்தில் ஓரிரு நாள் திருப்பலியும் உங்களுக்கு உரியவை. அவற்றைக் கேளுங்கள், இந்தக் கடிதத்தை உங்கள் கணவரிடம் காட்டுங்கள். திருமண நாளில் பீடத்தின் முன் அவர் ஏற்றுக்கொண்டது உங்கள் உடல்நலத்தை மட்டுமன்று, உங்கள் ஆன்ம நலத்தையும்தான் என்று அதில் அவருக்கும் நாலு வரி எழுதினோம்.

பிறருக்கு இப்படி எழுதும் நாமும் யோக்கியர் அல்லோம். குருவானவரின் கட்டளைச் செபத்தைக் காலை, நண்பகல், மாலை என்று அந்தந்த வேளையில் சொல்லவேண்டும் என்பது திருச்சபையின் விருப்பம். கல்லறை மந்திரிப்பு, பள்ளிக்கூடப் பிரச்சினை, கட்டட வேலை என்று ஓடிவிட்டு, எல்லா வேளைச் செபத்தையும் இரவு 11 மணிக்குக் கட்டிலில் அமர்ந்து ஒரே மூச்சில் சொல்லி முடித்த நாள்கள் நமக்கு அநேகம். புனித சவேரியார் 1542-இல் முத்துக்குளித்துறையிலிருந்து எழுதிய கடிதத்தில், செபம் கற்றுக்கொடுக்கும்படி சிறுவர்கள் மொய்த்துக்கொண்டு, கட்டளைச் செபம் சொல்லவோ உண்ணவோ உறங்கவோ தம்மை விடவில்லை என்று குறிப்பிட்டார். அந்தச் சாக்கை நாமும் சொல்லிப் பார்த்ததுண்டு. நம்மிடம் செபம் கற்றுக்கொள்ள அப்படி யாரும் மொய்க்கவில்லை. ஆகையால் மதிய உணவுக்கு அமருமுன் நண்பகல் செபம் என்று இவ்வாண்டு தொடங்கியிருக்கிறோம். சமையற்காரருக்கும் சொல்லி வைத்திருக்கிறோம். செபம் முடியாமல் அவர் சோறு எடுத்துவைப்பதில்லை.

நம் பதிலுக்கு அந்த வீட்டிலிருந்து மறுமொழி வந்தது. எழுதியவர் அம்மாள் அல்லர், கணவர். ஓர் உள்நாட்டுக் கடிதத்தாளில் சிறிய எழுத்தில், வருத்தமும் பணிவுமாக எழுதியிருந்தார். இத்தனை ஆண்டுகள் இது தம் கண்ணில் படவில்லை என்றார். திங்கள், புதன், வெள்ளி ஆகிய மூன்று நாளும் தாம் வீட்டில் இருந்துகொண்டு மனைவியைத் திருப்பலிக்கு அனுப்பச் சம்மதம். ஒரே ஒரு சந்தேகம்தான்: ஒன்பது முதல் வெள்ளிப் பக்தியில் தமக்கு ஆறு முடிந்திருக்கிறது, இப்போது வெள்ளிக்கிழமையை விட்டுக்கொடுத்தால் அது முறிந்துபோகுமே, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தார்.

முதல் வெள்ளிக்கு அவரே வரட்டும், மற்ற வெள்ளிகள் அம்மாளுக்கு என்று எழுதியிருக்கிறோம். ஒன்பது முடிந்ததும் அடுத்த ஒன்பதை அம்மாள் தொடங்கட்டும் என்றும் சேர்த்திருக்கிறோம். அதற்குள் தாயாருக்குக் கஞ்சி காய்ச்சவும் தமக்குத் தாமே காப்பி போட்டுக்கொள்ளவும் அவர் பழகிவிடுவார்.